கம்பி இல்லாத எல்கடுவ

எல்கடுவ பஸ்ஸில் ஓர் ஆளுக்கு ஒரு சீட் போதும். என் படத்துக்கு மூன்று பேருடைய முழங்கால்கள் தேவைப்பட்டன.

பழைய பெட்ஷீட்டில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, கதவுப் பலகை அளவில் இருந்த அந்தப் பிரேமை நிமிர்த்திப் பிடித்தபடி நான் நின்றேன். ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாய, பிரேமும் சாய்ந்தது. சாய்ந்த பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். பாதிப் பேர் தமிழில், மீதிப் பேர் சிங்களத்தில். இரண்டுமே எனக்கு நன்றாக விளங்கின.

"என்னாண்ணே, கண்ணாடியா?" என்று கேட்டார் கொண்டக்டர்.

"இல்ல தம்பி, படம்."

"அடடா. யாரு செத்தது?"

எங்கள் பக்கத்தில் இவ்வளவு பெரிய படம் போட்டால் அது செத்தவர் படமாகத்தான் இருக்கும். "யாரும் சாகல. இது ஃபைன் ஆர்ட்" என்றேன். அது ஏதோ புது வியாதி என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போனார்.

ஜன்னல் ஓரத்தில் என் மகள் ஷெரின் வாந்தி வராமலிருக்கத் தேசிக்காயை மூக்கில் வைத்து மணந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் என் மனைவி ஸ்டெல்லா. மாத்தளையில் ஏறியதிலிருந்து அவள் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தாள்.

"அங்க போய் வியாக்கியானம் பண்ணாதீங்க. படத்த குடுங்க. தேத்தண்ணிய குடிங்க. 'பிள்ளைக்குப் புதுநன்மை, கட்டாயம் வாங்க மாமா'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அம்புட்டுதான்."

"அவரு என்கூட பேசுனாத்தானே?"

"அவரு பேச வேணாம். நீங்க பேசுங்க. அப்பா மட்டும் வரலன்னா நான் கோயில்லயே ஒக்காந்து அழுவேன், சொல்லிட்டேன்."

ஸ்டெல்லா சொன்னதைச் செய்யும் பெண். அதனால் பிரேமை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் படக்கார ஆளு

சென்ற வாரம் இந்தப் பத்தியில், என் போட்டோ ஸ்டூடியோவில் கோட்டும் டையும் வைத்திருந்து, பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மாட்டிவிட்ட கதையை எழுதியிருந்தேன். இரத்தோட்டையிலிருந்து ஒரு வாசகர் போன் பண்ணி, அந்தக் கோட் இன்னும் இருக்கிறதா, மச்சான் கல்யாணத்துக்கு வேண்டும் என்று கேட்டார். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அந்த ஸ்டூடியோதான் என்னை எல்கடுவைக்கும் கொண்டுபோய்விட்டது. ஸ்டெல்லாவின் அக்காவுக்குத் தோட்டத்தில் கல்யாணம். படம் பிடிக்க நான். சம்பந்தி வீட்டாருக்குப் பயற்றம் பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டெல்லா குறுக்கே போனாள். கேமராவும் அவள் பின்னாலேயே போய்விட்டது. நான் என்ன செய்ய?

கல்யாணம் முடிந்து ஆல்பம் போய்ச் சேர்ந்தது. என் மாமனார் அதை வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார். தாலி கட்டும் படத்தில் ஸ்டெல்லா. கேக் வெட்டும் படத்தில் ஸ்டெல்லா. பொண்ணு மாப்பிள்ளை பாதருடன் நிற்கும் படத்தில், பாதரின் தோளுக்குப் பின்னால், தெளிவாக, ஸ்டெல்லா. யாரும் அவருக்குக் கோள் சொல்லவில்லை. ஆல்பத்தைப் பார்த்தே மனுஷன் கண்டுபிடித்துவிட்டார். ஸ்டெல்லாவின் அக்கா இன்றைக்கும், "என் கல்யாணத்துல நான் பாதிதான் இருக்கேன்" என்று குறைப்படுவாள்.

அதற்குப் பிறகு எங்கள் கல்யாணமும் நடந்தது. மாமா கோயிலுக்கு வந்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். எங்கள் வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை. நாங்கள் தோட்டத்துக்குப் போனால் விரட்டவும் மாட்டார், பேசவும் மாட்டார். நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "ஸ்டெல்லா, அந்தப் படக்கார ஆளுக்கு தேத்தண்ணி வேணுமான்னு கேளு" என்பார். நானும் ஸ்டெல்லாவிடமே, "வேணும்னு சொல்லு" என்பேன். இரண்டு நாட்டுத் தலைவர்கள் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுவதுபோல எங்கள் உறவு நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது.

ஷெரினுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வந்ததும் ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்பாவுக்கு ஒரு தோட்டத்துப் படம் பிரேம் போட்டுக் குடுங்களேன். அந்த லயத்துலயே பொறந்து, அங்க ஃபக்டரியிலயே வேல செஞ்ச மனுஷன். வீட்டப் பார்த்தா மனசு எளகும்" என்றாள்.

வீட்டைப் பார்த்தால் என்றுதான் சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

மலைக்கும் பேஷியல்

ஏனென்றால் அந்த நாட்களில் நான் கலைஞனாக மாறிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் போனில் வந்த ஒரு வீடியோவால் வந்த வினை. ஒரு வெள்ளைக்காரர், தாடி வைத்தவர், சாதாரண மலைப் படம் ஒன்றை எடுத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கி, அங்கே இருட்டாக்கி, இங்கே வெளிச்சமாக்கி, வேண்டாததை எல்லாம் துடைத்து, கடைசியில் ஒரு பெரிய மண்டபத்துச் சுவரில் மாட்டினார். "கண் ஓய்வெடுக்க வேண்டும். ஓய்வைக் கெடுக்கும் எதையும் படத்தில் விடாதே" என்பது அவர் உபதேசம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அட, நான் இத்தனை காலமும் செய்தது இதைத்தானே என்று தோன்றியது.

துடைப்பதில் எனக்கு அனுபவம் அதிகம். வஹகோட்டைத் திருவிழாவில் ஒரு குடும்பத்தைப் படம் பிடித்தேன். பின்னால் ஒருவர் வாயை ஆவென்று திறந்து சோளம் தின்றுகொண்டிருந்தார். அவரைத் துடைத்து எடுத்தால்தான் படம் வாங்குவோம் என்று அந்தக் குடும்பம் ஒற்றைக்காலில் நின்றது. சோளக்காரரை எடுத்தேன். பிறகு பொண்ணுகளின் பரு, மாப்பிள்ளைகளின் தொப்பை, மாமியார்களின் முறைப்பு எல்லாவற்றையும் எடுத்தேன். முகத்துக்குச் செய்ததை மலைக்குச் செய்ய முடியாதா?

முதலில் ரிவஸ்டன் மலைக்குப் போனேன். அங்கே பனி வரும் என்று காத்திருந்தேன், பனி வந்தது. வந்த பனியில் மலை தெரியவில்லை, கேமராவே தெரியவில்லை. பனி போனபோது உச்சியில் இருக்கும் தொலைத்தொடர்புக் கோபுரம்தான் தெரிந்தது. அட்டைகள் மட்டும் என்னைத் தேடி வந்தன. வீட்டுக்கு வந்து கோபுரத்தைத் துடைத்து, பனியைக் கூட்டி, படத்துக்கு 'மௌனம்' என்று பெயர் வைத்து எல்லாருக்கும் அனுப்பினேன். "வெறும் பேப்பர் வந்திருக்கு, படம் வரலயே" என்று ஸ்டெல்லாவின் அக்கா பதில் போட்டாள்.

கலைஞர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு கம்பியில் தொடங்கியது

மாமாவுக்கான படத்தை லயத்து வரிசை வீடுகளுக்கு எதிர்மலையில் நின்று ஒரு விடியக்காலையில் எடுத்தேன். அன்றைக்குப் பனியும் வெளிச்சமும் சொல்லி வைத்தாற்போல வந்தன. தேயிலை மலை படிப்படியாக ஏறி, பனிக்குள் போய் மறைந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், வானத்துக்கு நடுவே கரண்டுக் கம்பி. நம் நாட்டில் எந்த மலையைப் படம் பிடித்தாலும் அதற்கு முன்னால் ஒரு கம்பி ஓடும். கம்பியை எடுத்தேன். கம்பி போனதும் போஸ்ட்டுகள் எதற்கு என்றே தெரியாமல் மொட்டையாக நின்றன. அவற்றையும் எடுத்தேன். பிறகு நீலத் தண்ணீர் டாங்கி கண்ணை உறுத்தியது. அது போனது. கொடியில் காய்ந்த துணிகள் போயின. தகரக் கூரைமேல் பாரத்துக்கு வைத்திருந்த கல்லையும் டயரையும் எடுத்தேன். டயர் இல்லாமல் கூரை அசிங்கமாக இருந்தது. கூரையை எடுத்தேன்.

கூரை இல்லாமல் சுவர் எதற்கு?

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அது இதுதான். ஆனால் குரங்கு எனக்குப் பேரழகாகத் தெரிந்தது. லயம் இருந்த இடத்தில் பக்கத்துத் தேயிலையைக் கொண்டுவந்து ஒட்டி, மேலே பனியைத் தடவி, ஓரங்களை இருட்டாக்கினேன். கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. முதுகுதான் பிடித்துக்கொண்டது.

முடியும்வரை ஸ்டெல்லாவுக்குக் காட்டவில்லை. கலைஞன் பாதியில் காட்டமாட்டான் என்று அந்தத் தாடிக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் பக்கத்துக் கடை ஹனீபா நானா கேட்டா வருவார்? அவர் மிளகும் ஏலக்காயும் யாவாரம் செய்கிறவர். தும்மிக்கொண்டே உள்ளே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை வெகு நேரம் பார்த்தார்.

"மச்சான், ஒங்கட மாமாட ஊடு எங்க?"

"அது இருக்கு நானா. பார்க்கிறவங்க மனசுல இருக்கு."

"அப்ப சனமெல்லாம்?"

"அவங்களும் அப்படித்தான்."

"யா அல்லாஹ்! ஊர்ச் சனம் மொத்தமும் மௌத்தாகி அடக்கம் பண்ணின மாதிரியல்லவா இருக்கு" என்றார். "இங்க பாருங்க, என்ட கடைக்கு ஆள் வந்து ஏலக்காய் கேட்டா, அது ஒங்கட மனசுல இருக்குன்னு சொல்லி அனுப்பலாமா?"

ஏலக்காய் வியாபாரிக்குக் கலை எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். பெரிதாக அச்சடித்து, பிரேம் போட்டேன். கண்ணாடி போடவில்லை. கண்ணாடி போட்டால் வெளிச்சம் அடித்து, படத்தின் ஆழம் கெட்டுவிடுமாம்.

காலண்டர்

பஸ்ஸை விட்டு இறங்கி, லயத்துக்கு ஏறும் குறுக்குப் பாதையில் ஸ்டெல்லா ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பிரேமைத் தூக்கிக்கொண்டு போனோம். பார்த்தவர்கள் எல்லாம் செத்த வீடு என்று எண்ணித் தொப்பியைக் கழற்றி, பின்னாலேயே வந்தார்கள். நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பாதி லயம் எங்களோடு இருந்தது.

மாமா இஸ்தோப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை, ஸ்டெல்லாவின் அம்மா, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்தார். பெட்ஷீட் விழுந்தது.

எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஆகா, அடித்துப்போட்டுவிட்டது படம் என்று நினைத்தேன்.

"காலண்டர் படம் மாதிரி அம்புட்டு அழகா இருக்கு தம்பி" என்றார் அத்தை. நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு கலைஞனுக்கு அதைவிடப் பெரிய திட்டு இல்லை.

"கலரு இல்லையா? செத்த வீட்டுப் படமா?" என்றார் ஒருவர்.

"எந்த ஊருப்பா இது? நுவரெலியாவா?" என்றார் இன்னொருவர்.

"நம்ம எல்கடுவதான்" என்றேன்.

மாமா மகளைப் பார்த்தார். "ஸ்டெல்லா, எந்த எல்கடுவன்னு கேளு."

ஸ்டெல்லா படத்துக்குக் கிட்டே போனாள். முதல் தடவையாக அப்போதுதான் பார்க்கிறாள். அவள் முகம் மாறியது. "என்னாங்க, வீட்ட எங்க வச்சிருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இந்தா, இந்த எடத்துல. பனிக்கு உள்ளுக்கு..."

"பனிக்கு உள்ளுக்கா?"

மாமா எழுந்தார். வந்து, படத்தில் விரலை வைத்து, கீழே ரோட்டிலிருந்து மெல்ல மேலே ஏற்றினார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி விரல் ஏறியது. லயம் இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. தேயிலை. அங்கிருந்து வானத்துக்குப் போனது. பனி. பிறகு திரும்பினார். ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"யோவ். கரண்டு போஸ்ட் எங்க?"

"அது... படத்துக்குத் தேவையில்ல மாமா. கண்ணு ஓய்வெடுக்க..."

"தேவையில்லையா?" சத்தம் கீழ் லயம் வரைக்கும் கேட்டிருக்கும். "போஸ்ட்டுகள பெரிய ரோட்டுல போட்டுட்டு லொறிக்காரன் போயிட்டான்யா. மேல கொண்டுபோக முடியாதுன்னுட்டான். இந்தா நிக்கிறாங்களே, இவங்களும் நானும்தான் தோள்ல தூக்கிட்டு வந்தோம். மழை. சறுக்குது. ஒருத்தன் விழுந்தா எல்லாரும் சாவோம். கரண்டு வந்தன்னிக்குப் பட்டப்பகல்ல எல்லாக் காம்பராவுலயும் லைட்டப் போட்டுட்டு வாசல்ல நின்னு பார்த்தோம். என் தோளு இன்னிக்கும் வலிக்குது. ஒனக்குத் தேவையில்லையா? வீடும் தேவையில்ல, தண்ணி டாங்கியும் தேவையில்ல. ஒனக்கு என் மக மட்டும்தான் தேவையா?"

அந்தப் பனிக்குள்ளே நானும் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அத்தை தேத்தண்ணி கொண்டுவந்தார். குடித்தேன். அதில் சீனி இருந்ததா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். உக்குவளை தாண்டும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தால், சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீரும் ஓடுகிறது.

"அப்பா ஒங்ககூட பேசிட்டாருங்க."

"பேசுனதா அது? திட்டுனாரு."

"நேரா ஒங்க மூஞ்சியப் பார்த்துத் திட்டுனாரே!" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றது. "புதுநன்மைக்கு வரச் சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. படத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

தப்புக் கணக்கு

அடுத்த நாள் போனில் அத்தையிடம் ஸ்டெல்லா புதுநன்மை விஷயத்தைச் சொன்னாள். அத்தை வருவார். மாமாவைப் பற்றிக் கேட்டதற்கு, "அவரு ஒண்ணும் சொல்லல புள்ள. அந்தப் படத்த மேசையில போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. கிட்டப் போனா வெரட்டுறாரு" என்றார்.

நான் என்ன நினைத்திருப்பேன் என்று உங்களால் ஊகிக்க முடியும். ஆம், அதையேதான் நினைத்தேன். உண்மையான கலை மெதுவாகத்தான் வேலை செய்யும், கல்லையும் கரைக்கும் என்று ஹனீபா நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மிளகைப் புடைத்துக்கொண்டே, "இன்ஷா அல்லாஹ்" என்றார். அவர் சொன்ன விதத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை. வெள்ளை உடுப்பில், கையில் மெழுகுதிரியோடு ஷெரின் வரிசையில் போனாள். அத்தை காலையிலேயே தனியாக வந்துவிட்டார். "பின்னுக்கு வர்றேன்னாரு. வருவாரோ மாட்டாரோ, மாதாவுக்குத்தான் தெரியும்" என்றார். ஸ்டெல்லா பூசை முழுக்கக் கோயில் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் நற்கருணை வாங்கும் நேரத்தில்கூட ஒரு தரம் திரும்பினாள். ஒரு வீட்டையும் நாலு போஸ்ட்டையும் விட்டுவைத்திருந்தால் இந்தப் பெண் இப்படித் திரும்பிப் பார்க்க வேண்டி வந்திருக்காது. எந்தத் தாடிக்காரன் வந்து இதற்குப் பதில் சொல்லுவான்?

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். விருந்துக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். ஹனீபா நானா வட்டிலப்பத்தோடு வந்தார். கேக் வெட்டலாமா என்று யாரோ கேட்டார்கள். "கொஞ்சம் பொறுங்க" என்றாள் ஸ்டெல்லா. இரண்டாந்தரம் கேட்டார்கள். அதற்கும் அதையே சொன்னாள்.

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதன் இரண்டு பக்கமும் பெட்ஷீட் சுற்றிய பிரேம் துருத்திக்கொண்டிருந்தது. பிரேமுக்குப் பின்னாலிருந்து, வெள்ளைச் சட்டை போட்டு, மாமா இறங்கினார்.

போச்சுடா, விருந்துக்காரர்கள் முன்னால் திருப்பிக் கொடுக்க வந்துவிட்டார் என்று பயந்தேன். வீட்டுப்படியில் அவர் காலை வைத்ததைக்கூட அந்தப் பயத்தில் நான் கவனிக்கவில்லை. ஸ்டெல்லா கவனித்தாள். மாமா நேரே வந்து, கேக்குக்குப் பக்கத்தில் பிரேமை நிறுத்தி, பெட்ஷீட்டை உருவினார்.

படம் முழுக்க நீலப் பேனா.

நான் துடைத்த வானத்தில் கம்பிகள் கோணல்மாணலாக ஓடின. போஸ்ட்டுகள் குடித்தவன்போலச் சாய்ந்து நின்றன. பனிக்கு நடுவே லயம். சுவரைவிடக் கதவு பெரிது. கூரைமேல் கல், டயர். பூசணிக்காய்போலத் தண்ணீர் டாங்கி. கொடியில் பாவாடை, சட்டை. குசினியிலிருந்து புகை. பேனா அழுத்திய இடங்களில் தாள் கிழிந்தே போயிருந்தது.

"இப்ப சரி" என்றார் மாமா. "இனி சொவத்துல மாட்டலாம்."

ஹனீபா நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மாஷா அல்லாஹ். ஊருக்கு உசிரு வந்துட்டு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

ஷெரின் முட்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில், இஸ்தோப்புக்கு உள்ளே, நாற்காலியில் ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. பெரிய தொப்பை. கழுத்தில் ஒரு பெட்டி தொங்கியது. கையில் ஒரு கோப்பை.

"தாத்தா, இது யாரு?"

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

"யாரா? நம்ம வீட்டு மாப்பிள்ள. படம் எடுக்கத் தெரியாது. மத்தபடி பரவால்ல."

ஸ்டெல்லா கேக் வெட்டும் கத்தியைக் கையில் பிடித்தபடியே அழுதாள். நான் ஆணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனேன். ஆணி கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.